மச்சானுக்கு ஒரு லென்ஸ்

பிரிஞ்சாங்,
18 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி சுகுமாரனுக்கு,

அக்கா செல்லம் எழுதுவது. நீயும் ரூபினியும் சிங்கப்பூரில் சுகமாக இருப்பதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே நாங்கள் சுகமா என்பதை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள்.

போன் இருக்கும்போது அக்கா எதற்குத் தபால் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போன்தான். அதுவும் எப்போதும் உன் மச்சான் சட்டைப்பையில் இருக்கும். நீ வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாலும் அவர்தான் முதலில் படித்து, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல எனக்கு வாசித்துக் காட்டுவார். வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில் ரகசியம் பேச இடம் ஏது? இங்கே நான் தும்மினால் அடுத்த வீட்டுத் துளசி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மருந்து போட்டாயா என்று கேட்கிறாள். ஆகையால் பதிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி பேருக்கு எழுதி, உள்ளே என் பேரைப் போடு. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வருஷம் ஈப்போ ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு இதயக் குழாயில் ஸ்பிரிங் வைத்தது உனக்குத் தெரியும். அதோடு அவருக்கு மெஷின் வேலை போயிற்று. கொழுந்து வெட்டுகிற அந்த மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நடுவில் தேயிலை நிரை, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான் என்று பதினைந்து வருஷம் நடந்திருக்கிறோம். பொம்பளைக்கு எதற்கு மெஷின் என்று கேட்ட கங்காணியே பிறகு எங்களைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். இப்போது என்னோடு மறுபக்கம் பிடிப்பது ஒரு வங்காளதேசத்துப் பையன். நல்ல பிள்ளை. ஆனால் மேடு ஏறும்போது ஓடுகிறான். இறங்கும்போது நிற்கிறான்.

சும்மா உட்கார்ந்தால் மனுஷன் மக்கிப் போவார் என்று நீ அந்தப் பழைய கேமராவை அனுப்பினாய். நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய், உன்னைக் குறை சொல்லவில்லை. டாக்டரும் நடக்கச் சொன்னார். இவரும் நடந்தார். முதலில் கோயில் வரைக்கும். பிறகு மேல் நிரை வரைக்கும். இப்போது கடைசித் தேயிலை முடிந்து காடு தொடங்குகிறதே, அதற்குள்ளும் போய்விட்டு உடம்பெல்லாம் பாசியோடு வந்து நிற்கிறார். கேட்டால் சியாமாங் என்கிறார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் வெயில் ஏறும் நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வருமே, ஊரே கூடிக் கத்துவதுபோல, சிரிப்பதுபோல. அதுதான் சியாமாங். கருங்குரங்கு. நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம், ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. அதை ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும் என்று உன் மச்சானுக்கு வெறி பிடித்திருக்கிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அத்திமரத்துக்கு அவை வருகின்றனவாம். இவர் கேமராவில் எடுத்தால் ஒரு புள்ளி விழுகிறது. அந்தப் புள்ளியைப் போனில் பெரிசாக்கி, இது கை, இது தலை என்று எனக்குக் காட்டுகிறார். எனக்கு அது சட்டியில் ஒட்டின கரிபோலத்தான் தெரிகிறது.

போன வாரம் ஈப்போவுக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். நான் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "எல்லாம் ஓகேலா. நடக்கச் சொல்றாரு, பாரம் தூக்கக் கூடாதாம்" என்றார். திரும்பி வரும்போது பஸ் தாப்பா ஊரைத் தாண்டி வளைவு வளைவாக ஏறுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, வரப்போகிற மழைக்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இப்போது என் யோசனையைக் கேள். டீத் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் நிற்கிற மேட்டில் போன மாதம் ஒரு சீனர் பெரிய குழாய் மாதிரி லென்ஸ் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாயைப் பிளந்து பார்த்ததும் சிரித்துக்கொண்டே என்னையும் பார்க்கச் சொன்னார். தம்பி, எதிர் மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த துளசி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள்! தலைத்துண்டால் மூக்கைத் துடைக்கிறாள்! என்னை மறந்து அவளுக்குக் கையை ஆட்டிவிட்டேன். அவள் எங்கே பார்ப்பது?

அப்படி ஒன்று இருந்தால் உன் மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே மலை முழுக்கப் பார்த்துக்கொள்வார். காட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. நீ கேமரா ரிப்பேர் கடையில் இருக்கிறாய், உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இருப்பதிலேயே பெரிசாக, இருப்பதிலேயே தூரம் எட்டுவதாக ஒன்று பார். நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

ரூபினியை இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
செல்லம்


பிரிஞ்சாங்,
1 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

கிராணி உன் கடிதத்தைக் கொடுத்தார். வேலை முடிந்து தேயிலை ஓரத்திலேயே உட்கார்ந்து படித்தேன். பரீட்சைக்குப் படித்ததுபோல இருந்தது.

மலை ஏறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எடையைத்தான் என்கிறாய். நடுவாந்தரமாக எட்டுகிற சின்ன லென்ஸ் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, கை நடுக்கத்தை அதுவே உள்ளுக்குள் பிடித்துக்கொள்ளும் என்கிறாய். உன் முதலாளி கடையில் கிடக்கும் பழைய பெரிய லென்ஸ் இரண்டு கிலோவைத் தாண்டும், நடுக்கத்தையும் பிடிக்காது, காட்டுக்குள் அதைத் தூக்கி அலைகிறவன் படம் எடுப்பதை விட்டுவிட்டு முதுகைத்தான் தடவிக்கொண்டிருப்பான் என்கிறாய். எல்லாம் சரி. ஆனால் நீ அக்கா எழுதினதை அரைகுறையாகப் படித்திருக்கிறாய். எனக்கு வேண்டியதே தூக்க முடியாததுதான். கனம் இருந்தால் அவர் உட்காருவார். உட்கார்ந்தால் இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு.

எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று உன் முதலாளி சொன்னது பெரிய மனசு. கோலா தெர்லாவிலிருந்து சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றி வருகிற லோரிக்காரர் அர்ஜுனனிடம் பேசிவிட்டேன். திரும்பி வரும்போது காலிக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றார். துணி நிறையச் சுற்றி அனுப்பு. அந்த மனுஷன் வளைவில் பிரேக் போடுவதே கிடையாது.

அக்கா
செல்லம்


பிரிஞ்சாங்,
17 மார்ச் 2024

அன்புள்ள தம்பி சுகுமாரனுக்கு,

இந்தக் கடிதத்தைத் திருட்டுத்தனமாக எழுதவில்லை. உன் மச்சான் உள்ளே தூங்குகிறார். எழுந்து வந்து கேட்டால் உனக்குத்தான் எழுதுகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

லென்ஸ் பத்திரமாக வந்தது. செலரி வாசத்தோடு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உன் மச்சான் சிரித்த சிரிப்பைக் கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை. உனக்கு எழுதினதுபோலவே வாசலில் நாற்காலி போட்டேன். பக்கத்தில் முக்காலி, அதன்மேல் டீ. இரண்டு நாள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த இரண்டு நாளில் அவர் பார்த்தது என்ன தெரியுமா? காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள். வெயில் ஏறினால் எதிர் மலை மரமெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடியது. வெயில் இறங்கினால் மேகம் வந்து மூடியது. சியாமாங் கத்தின நேரத்தில் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். "கண்ணாடி நீளமா இருந்து என்னா, நடுவுல மலை இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. அது குறுக்கே நிற்கிறது என்பது என் மண்டைக்கு எட்டவில்லை பார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் லென்ஸைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எங்கே என்றேன். "அத்திமரத்துக்கு" என்றார். இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டா என்று கத்தினேன். துளசி வாசலுக்கே வந்துவிட்டாள். "நான் போறேன். நீ வர்றதுன்னா வா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் பூட்ஸ் மாட்டினார். அடுப்பை அணைத்துவிட்டு, பையைப் பிடுங்கி என் முதுகில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். கிராம் கணக்கில் நீ எழுதின எடையெல்லாம் சமவெளிக்குத்தான் தம்பி. மேட்டில் அது வேறு எடை. மழையில் நனைந்த கொழுந்துச் சாக்குபோலப் போகப் போகக் கூடுகிறது.

சொன்னால் சிரிப்பாய். காட்டுப்பாதை ஒரு ஆள் போகிற அகலம்தான், பூர்வகுடிக்காரர்கள் நடந்து நடந்து விழுந்த தடம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் நடக்கத் தெரியாமல் தவித்தோம். மெஷின் பிடித்த காலத்துப் பழக்கம், எனக்கு அவர் பக்கவாட்டில், ஒரு நிரை தள்ளி இருக்க வேண்டும். என் கால் தானாக விலகி விலகிப் புதருக்குள் போகிறது. நான் சேற்றில் விழுந்து எழுந்து திரும்பினால் அவரும் அந்தப் பக்கம் முள்ளில் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். யாராவது பார்த்திருந்தால் காலையிலேயே கள் குடித்த ஜோடி என்று நினைத்திருப்பார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு ஏற்றம் வந்தது. சிரிப்பு நின்றது. பாசி மூடின ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்துப்போய் இருந்தது. நெஞ்சு சட்டைக்கு மேலே தெரிகிற அளவுக்கு அடித்துக்கொண்டது. திரும்பிவிடுவோம் என்று கெஞ்சினேன். பேச முடியாமல் கையை மட்டும் காட்டினார், இரு என்று. எனக்கு உன்மேல் கோபம் வந்தது, கேமராமேல் கோபம் வந்தது, அந்தக் குரங்குமேல் கோபம் வந்தது. தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு அவர் முதுகைத் தடவினேன். சுற்றிலும் மரத்துக்கு மரம் பாசி. தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அவருக்கு மெதுவாக மூச்சு வந்தது. மறுபடி நடந்தோம். அவர் நின்றால் நின்றேன்.

மலை முதுகில் ஒரு இடத்தில் மரங்கள் விலகிப் பள்ளம் தெரிகிறது. எதிரே அந்த அத்திமரம். அங்கே போய் நின்ற கொஞ்ச நேரத்தில் தொடங்கியது தம்பி. அதை எப்படி எழுதுவது? முதலில் யாரோ பெரிய குடத்துக்குள் வாயை வைத்து ஊதுவதுபோல ஓர் ஆழமான சத்தம். பிறகு அதுவே குரைப்பாக மாறியது. பிறகு மேலே மேலே ஏறி ஒரு கூவல். நம் வீட்டு வாசலில் கேட்பதெல்லாம் சத்தமே இல்லை, அது சத்தத்தின் மிச்சம். அங்கே அது காதில் கேட்கவில்லை, நெஞ்சுக் கூட்டுக்குள் கேட்டது. கோயிலில் சாமி வந்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. கை தானாகக் கும்பிடப் போய்விட்டது.

உன் மச்சான் லென்ஸை மாட்டித் தூக்கினார். தூக்கின உடனே முனை கீழே கீழே போனது. கை தாங்கவில்லை. இரண்டு தடவை முயற்சி பண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "செல்லம், முன்னாடி பிடி" என்றார். மெஷின் பிடிக்கும்போது மேட்டில் சொல்கிற அதே சொல். நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்று லென்ஸைத் தோளில் வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் அவர் பிடித்தார். என் காதோரத்தில் டக் டக் என்று கேமரா அடித்தது. பிறகு அடிப்பது நின்றுவிட்டது. அவர் மூச்சு மட்டும் என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டால் லென்ஸ் ஆடுமே என்று அடக்கிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டே ரெண்டு பேருலா" என்றார்.

பிறகு லென்ஸைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சுகுமாரா, நான் முப்பது நாற்பது குரங்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பா காலத்திலிருந்து லயம் முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கிறது. இரண்டு பேர்தான். ஒரு ஆண், ஒரு பெண். ஆண் வாயை மூடிக்கொண்டு ஊதுகிறது, தொண்டை தலை அளவுக்குப் பலூனாக உப்புகிறது. அது நிறுத்துகிற இடத்தில் பெண் எடுக்கிறது. பெண் ஏறி முடிக்கிற இடத்தில் ஆண் வந்து சேர்ந்துகொள்கிறது. ஒன்றை ஒன்று பார்க்கக்கூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்திப்பழம் தின்கிறது. இரண்டே உயிர் சேர்ந்து ஒரு மலையை நிரப்புகிறது. பத்து எஸ்டேட்டுக்குக் கேட்கிறது. நான் அழுதேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குக் கீழே குனிந்து கொழுந்து வெட்டிவிட்டு, அது என்ன என்று தெரியாமலே செத்துப்போயிருப்பேனே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

படம் ஒன்றும் சரியாக விழவில்லை. எல்லாவற்றிலும் கறுப்பாக ஏதோ இழுபட்டிருக்கிறது. கிராணி பார்த்துவிட்டுக் கரடியா என்று கேட்டார். உன் மச்சானுக்கு அதில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இறங்கும்போது கேமரா, லென்ஸ் எல்லாம் என் முதுகில். கடைசி நிரை தெரிகிற இடத்தில் உட்கார்ந்தோம். நான் லென்ஸை வெளியே எடுத்து அந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் விரல் சுற்றிவரவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒன் தம்பிகிட்டச் சொல்லு, இது வேணாம்னு. சின்னதா ஒண்ணு பார்க்கச் சொல்லு. ஒன் கை அளவுக்குப் பார்க்கச் சொல்லு, என் கைக்குப் பார்க்க வேணாம்" என்றார். நான் எழுதினது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கிராணி எதை மறைத்தார் இதை மறைக்க என்றார். ஆனால் தம்பி, எனக்கு எதற்கு லென்ஸ் என்று நான் கேட்கவில்லை. ஈப்போவில் டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். தேயிலையைப் பார்த்துக்கொண்டு, போலாம் எழுந்திருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பெரிய லென்ஸை இந்த வாரம் அர்ஜுனன் லோரியில் திருப்பி அனுப்புகிறேன். உன் முதலாளிக்கு என் நன்றியைச் சொல். நீ முதலில் எழுதினாயே அந்தச் சின்ன லென்ஸ், அதையே அனுப்பு. தூரம் குறைவாகத்தான் எட்டும் என்றாய். பரவாயில்லை, மீதித் தூரத்தை நாங்கள் நடந்துகொள்கிறோம். இப்போது தினமும் சாயங்காலம் கோயில் வரைக்கும் ஒருவர் பின்னால் ஒருவர் நடந்து பழகுகிறோம். முன்னால் அவர்தான். அவர் நடைக்குத்தான் நான் வர வேண்டும். வெளிச்சம் குறைந்தால் என்ன திருக வேண்டும் என்று மட்டும் தமிழில் தெளிவாக எழுதிவிடு.

பெரிய மழை பிடித்தால் அந்தப் பாதை வழுக்கும். அத்திப்பழமும் தீர்ந்துவிட்டால் அவை வேறு பக்கம் போய்விடும் என்கிறார்கள். அதனால் தாமதிக்காதே தம்பி. அக்கா கெஞ்சிக் கேட்கிறேன். அவர் சொன்னார் என்பதற்காக என் கையை மட்டும் நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்துவிடாதே. அவர் கையிலும் வைத்துப் பார்க்கிறதுபோல நினைத்து எடு. அவர் பிடித்தாலும் நடுங்கக் கூடாது.

நீயும் ரூபினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும். அந்த முருகன் எங்களுக்கும் கொஞ்சம் காலம் கொடுக்கட்டும்.

உங்கள் நினைவாகவே இருக்கும்
அக்கா செல்லம்